பதினெட்டு டிகிரி

அந்தக் கால்குலேட்டர் என் கைக்கு வந்தபோது அதில் பேட்டரி இல்லை. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் இப்போது சிங்கப்பூரில் கணக்கு டீச்சர். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் என்னோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினாள். கிளம்பும்போது கைப்பையிலிருந்து அதை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அங்க பசங்க பரிட்சைக்கே இத எடுத்துக்கினு போவாங்கடி. எனக்குப் புது மாடல் குடுத்துட்டாங்க. இது சும்மா கெடக்குது. நீ வெச்சிக்க."

கறுப்பாக, கனமாக இருந்தது. ஐம்பது பொத்தானுக்குக் குறையாது. மேல் பாதி முழுக்க ஒரு திரை. வளைவரை வரையும் கால்குலேட்டர் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும், தொட்டுப் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பரிட்சையில் சாதாரண கால்குலேட்டருக்கே அனுமதி இல்லை. நானும் அப்படிப் படித்து வந்தவள்தான். மலைமேல், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் பதினைந்து வருடமாகப் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். அத்தனை வருடமும் வளைவரை என்றால் எனக்குச் சாக்பீஸ்தான்.

கடைத்தெருவில் நான்கு சின்ன பேட்டரி வாங்கிப் போட்டேன். அன்று சனிக்கிழமை. வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருந்தார். கூடத்தில் உட்கார்ந்து, முதலில் துணையலகுச் சமன்பாடு வரைந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். பாடப்புத்தகத்தில் அப்படிச் சொல்வோம், மற்றவர்கள் பாராமெட்ரிக் என்பார்கள். விஷயம் எளிதுதான். வழக்கமான வரைபடத்தில் எக்ஸ் கொடுத்தால் ஒய் கிடைக்கும். இதில் எக்ஸும் ஒய்யும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. இரண்டும் மூன்றாவதாக ஒரு டி-யைப் பார்த்து நடக்கும். டி-யைக் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு எறும்பு தாளின் மேல் போகிறது. இந்த நொடியில் அது எவ்வளவு வலப்பக்கம் இருக்கிறது என்பதை எக்ஸ் சொல்லும், எவ்வளவு மேலே இருக்கிறது என்பதை ஒய் சொல்லும்.

எக்ஸுக்கு ஐந்து காஸ் டி, ஒய்க்கு ஐந்து சைன் டி. வட்டம் வர வேண்டும். டி பூஜ்யத்திலிருந்து ஆறேகால் வரைக்கும் என்று கொடுத்துப் பொத்தானை அழுத்தினேன். வலது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சின்னக் கோடு வந்தது. அவ்வளவுதான். பேட்டரி சரியில்லை என்று நினைத்து வேறு பேட்டரி போட்டேன். மறுபடியும் அதே கோடு. அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. கருவி டிகிரியில் இருக்கிறது, நான் ரேடியனில் எண் கொடுத்திருக்கிறேன். ஒரு முழுச் சுற்று ரேடியனில் ஆறேகால், டிகிரியில் முந்நூற்று அறுபது. வருடா வருடம் பிள்ளைகளை "ரேடியனா டிகிரியா பாத்துட்டுப் போடு" என்று திட்டுகிறவள் நான். வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

மாற்றினேன். இப்போது வட்டம் வந்தது, ஆனால் படுத்துக்கிடக்கும் முட்டை மாதிரி வந்தது. திரை அகலம் ஜாஸ்தி, உயரம் கம்மி. அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தியதும் கருவி மறுபடி முதலிலிருந்து வரைய ஆரம்பித்தது. வலது பக்கத்தில் புள்ளி தொடங்கி, மேலே ஏறி, இடது பக்கம் சாய்ந்து, கீழே இறங்கி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. மெதுவாகத்தான் வரைந்தது. அந்த மெதுவுதான் எனக்குப் பிடித்தது. பதினைந்து வருடமாக "டி-யை நீக்குக" என்ற கேள்விக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறேன். டி-யை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு உருவம். புள்ளி எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் போனது, எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பதெல்லாம் போய்விடும். போவதை நான் அதுவரை கவனித்ததில்லை. அன்று மத்தியானம் சாதம் வைக்க மறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் பஸ்ஸில் அதுதான் எனக்கு வேலை. காலையில் மலை ஏறுகிற பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்துவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் பொத்தான் அழுத்துவேன். ஒரு நாள் கண்டக்டர் தன்னுடைய டிக்கெட் மிஷினை என் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், நீங்களும் டிக்கெட் போட ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இது படம் போடும்ங்க" என்று ஒரு பூ மாதிரியான வளைவரையைக் காட்டினேன். எட்டு இதழ்.

"அட, கோலமா? எங்க வூட்ல காட்டுனா சந்தோசப்படுவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

இப்படி இரண்டு மாதம் போனது. பூவும் நட்சத்திரமும் வரைந்தேன். அதனால் யாருக்கும் பயனில்லை, எனக்கு மட்டும் சந்தோஷம். மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோதுதான் அந்தப் பிரச்சினை வந்தது.

எங்களுக்குச் சங்கராபுரம் போகிற சாலையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. வீட்டுக்காரர் கரும்பு போடுவார். வெட்டினால் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும். அந்த வருடம் தண்ணீர் பாய்ச்ச ரெயின் கன் வாங்கி வைத்திருந்தார். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் துப்பாக்கி மாதிரி ஒரு குழாய் இருக்கும். மோட்டாரைப் போட்டதும் டக் டக் டக்கென்று சுற்றிக்கொண்டே, இருபத்தெட்டு மீட்டர் தூரத்துக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். வாங்கிய புதிதில் ஒரு நாள் காலையில் வீட்டுக்காரர் டேப் வைத்து அளந்த தூரம் அது. சின்னக் கரும்பு அதில் நனைந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் தரிசாகக் கிடந்த நிலத்தில் ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் செங்கல் அறுக்க வந்திருந்தார்கள். சொந்த நிலம் இல்லாதவர்கள். வெயில் காலம் வந்தால் கல் அறுப்பார்கள், மழைக்காலத்தில் நடவுக்கும் களை எடுக்கவும் போவார்கள். அந்த அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மண்ணைக் குழைத்து அச்சில் அடித்துத் தரையில் வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டே போவார். ஒரு வரிசைகூடக் கோணாது. அந்தப் பச்சைக் கல் காய இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் தண்ணீர் பட்டால் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வயல் வழியாக வந்தபோது, வரப்பின் மேல் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ரெண்டு நாளு இடுப்பொடிய அறுத்த கல்லு தம்பி. வந்து பாருங்க, மூணு வரிசை கரைஞ்சி போச்சி" என்றார் அந்த அக்கா. கையெல்லாம் மண். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"காத்து தள்ளிக்கினு வந்தா நான் இன்னா பண்றது? என் நெலத்துலதான வெச்சிருக்கேன் கன்ன?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்க நெலத்துலதான் வெச்சிருக்கீங்க. தண்ணி எங்கூட்டு கல்லு மேல வுழுது."

"காலையில பாய்ச்சலாம்னா கரண்ட் எங்க வருது? இந்த வாரம் மூணு பேஸ் மத்தியானம்தான் வுடறான்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் சில வாரம் காலையில் வரும், சில வாரம் மத்தியானம் வரும். வருகிற நேரத்தில் பாய்ச்சியாக வேண்டும். நான் போய்க் கல்லைப் பார்த்தேன். ஓரங்கள் வழிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அந்த அக்காவின் வீட்டுக்காரர் கரைந்ததை மண்வெட்டியால் வழித்துக் குவித்துக்கொண்டிருந்தார். நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன்.

"அந்தக் கன்னோட சாய்வ மாத்த முடியுமாங்க?"

"கழுத்துல ஒரு வளையம் கீது. திருப்பினா மேல கீழ போவும். கடைக்காரன் முப்பதுல வெச்சிக் குடுத்தான். நான் தொடல."

"நான் கணக்குப் போட்டுச் சொல்றேன். அந்தப் பக்கம் போகாத மாதிரி வெச்சிடலாம்."

"உன் சிங்கப்பூர் டப்பாவுலயா?" என்று சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனசுக்குள் அவருக்கும் அந்தக் கல் உறுத்திக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

குழாயிலிருந்து கிளம்பும் தண்ணீர், டி-க்காகவே பிறந்தது போன்ற விஷயம். முன்னால் போவது எக்ஸ். அது ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். மேலே போவது ஒய். அதைப் பூமி பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். குழாயின் வாய் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். தண்ணீர் கிளம்பும் வேகம்தான் எனக்குத் தெரியாது. அதனால் முப்பது டிகிரி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகமாகக் கொடுத்துப் பார்த்தேன். பதினைந்து கொடுத்தால் வளைவு கிட்டத்தில் விழுந்தது. இருபது கொடுத்தால் தாண்டிப் போனது. பதினேழு கொடுத்தபோது சரியாக இருபத்தெட்டு மீட்டரில் தரையைத் தொட்டது. நொடிக்குப் பதினேழு மீட்டர். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கன் இருக்கும் இடத்திலிருந்து வரப்பு முப்பது மீட்டர். சாய்வை இருபத்திரண்டாகக் குறைத்தால் தண்ணீர் இருபத்து நாலு மீட்டரிலேயே விழும் என்று திரை சொன்னது. ஆறு மீட்டர் இடைவெளி. தாராளம்.

சாய்வை அளக்க ஒரு வழி வேண்டுமே. திங்கட்கிழமை பள்ளியிலிருந்து கரும்பலகைக்கான பெரிய மரப் பாகைமானியைக் கேட்டு வாங்கி வந்தேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கியபோது கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பாகைமானியின் நடுவில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, குழாயின் மேல் வைத்து அளந்து, வீட்டுக்காரர் வளையத்தைத் திருப்பினார். இருபத்திரண்டு.

மறுநாள் பள்ளிக்கு லீவு. மத்தியானம் கரண்ட் வருவதற்கு முன்னால் நானே போய் அந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

"வந்து பாருங்கக்கா. இனிமே இங்க ஒரு சொட்டு வராது."

அவர் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து வரப்பின் மேல் நின்றார். நானும் அவரோடு நின்றேன், தைரியத்தோடு. முன்னெச்சரிக்கையாக அந்தப் பக்கத்துக் கல்லின் மேல் தார்ப்பாய் போட்டிருந்தார். அதை நான் பார்த்தேன், கொஞ்சம் ரோஷம்கூட வந்தது.

மோட்டார் ஓடத் தொடங்கியது. கன் டக் டக் என்று சுற்றி எங்கள் பக்கம் திரும்பியது. தண்ணீர் கரும்பின் மேல் தாழ்வாக வந்தது. இருபது மீட்டர், இருபத்து நாலு. சரியாக விழப்போகிறது என்று நான் கையை நீட்டிக் காட்டிய நேரத்தில் கன்னுக்குப் பின்னாலிருந்து ஒரு காற்று வீசிற்று. அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் இரண்டு பேர் மேலும் கொட்டியது. தலை, முகம், புடவை, கையிலிருந்த கால்குலேட்டர் எல்லாம் நனைந்தது. மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் கன் திரும்பிப் போய்விட்டது.

அந்த அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்குதான் கூப்ட்டீங்களா டீச்சர்?"

மோட்டார் பக்கத்திலிருந்து வீட்டுக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த அக்காவும் சிரிக்கத் தொடங்கினார். சண்டை நடந்த அன்றிலிருந்து அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் முறை. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் அவமானமாகத்தான் இருந்தது. கால்குலேட்டரைப் புடவைத் தலைப்பில் சுற்றித் துடைத்தேன். நல்லவேளை, திரை வேலை செய்தது.

"காத்த கணக்குல சேத்தீங்களா?" என்று கேட்டார் அந்த அக்கா.

"இல்லக்கா."

"அதான். காலையில காத்தே இருக்காது. மத்தியானம் மூணு மணி ஆனா மலையிலேர்ந்து எறங்கும். தெனமும் பாத்துக்கினுதான இருக்கேன். அந்த நேரத்துக்கு நாங்க கல்லுமேல வைக்கோலு போட்டுடுவோம். இல்லன்னா காத்துல சீக்கிரம் காஞ்சி வெடிப்பு வுட்டுடும்."

காலையில் காற்றில்லாத நேரத்தில் அளந்த இருபத்தெட்டு மீட்டரை வைத்துக்கொண்டு மத்தியானத் தண்ணீருக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். அந்த மலையிலிருந்துதான் தினமும் நான் இறங்கி வருகிறேன். பஸ் ஜன்னலில் அந்தக் காற்றுத்தான் என் தலையைக் கலைக்கிறது.

நனைந்த புடவையோடு வரப்பில் உட்கார்ந்து யோசித்தபோது இன்னொன்றும் புரிந்தது. சமன்பாட்டை முழுக்கக் கலைக்க வேண்டியதில்லை. காற்று தண்ணீரை மேலேயும் தூக்கவில்லை, கீழேயும் அழுத்தவில்லை. முன்னால் மட்டும் தள்ளுகிறது. அப்படியென்றால் ஒய்யைத் தொடவே வேண்டாம், எக்ஸில் மட்டும் காற்றைச் சேர்த்தால் போதும். டி-யை நீக்கி ஒரே சமன்பாடாக எழுதியிருந்தால் எங்கே காற்றை நுழைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். இங்கே இரண்டும் தனித்தனியாக இருந்ததால் ஒரு இடம் தானாகவே திறந்திருந்தது.

"காத்து எவ்ளோ வேகம்னு தெரியணுமேக்கா" என்றேன்.

"எருக்கம் பஞ்ச வுட்டுப் பாருங்களேன். அது சட்டுனு வுழாது. காத்தோடவே போவும்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் மூன்று பேரும் சாலையோரத் தரையில் நின்றோம். வீட்டுக்காரர் டேப்பை வைத்து இருபது மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டார். அந்த அக்கா வெடித்த எருக்கங்காய் நாலைந்தைப் பறித்து வந்து மடியில் வைத்திருந்தார். நான் செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்துகொண்டேன். அவர் ஒரு கொத்துப் பஞ்சைப் பிரித்து முதல் குச்சிக்கு மேலே பிடித்துவிட்டார். அது கிளம்பியதும் என் வீட்டுக்காரர் கூடவே ஓடினார். இரண்டாவது குச்சியைத் தாண்டும்போது "ஹோய்" என்று கத்த வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் பஞ்சு வேலிக்காத்தான் முள்ளில் மாட்டிக்கொண்டது. இரண்டாவதைத் துரத்தி ஓடியவர் வேட்டி தடுக்கி விழப் பார்த்தார். சாலையில் போன ஒரு டிராக்டர்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னா அண்ணே, இன்னா புடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"காத்த" என்றார் இவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

டிராக்டர்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆறு தடவை விட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய ஐந்து நொடிக்கு இருபது மீட்டர் என்று வந்தது. நொடிக்கு நாலு மீட்டர். எக்ஸுக்குள் போய் அந்த நாலைச் சேர்த்தேன். பழைய முப்பது டிகிரியைக் கொடுத்தால் வளைவு முப்பத்தைந்தில் போய் விழுந்தது. சரியாக அந்த மூன்று வரிசை கரைந்த இடம். அந்த அக்காவிடம் திரையைக் காட்டினேன்.

"இது வரப்பு. இங்கதான் உங்க கல்லு. பாருங்க, இப்ப தண்ணி போகுது."

புள்ளி குழாயிலிருந்து கிளம்பி ஏறி இறங்கி வரப்பைத் தாண்டி விழுந்தது. அவர் திரையை உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பொட்டுதான் தண்ணியா?"

"ஆமாக்கா. நீங்களே நகர்த்திப் பாக்கலாம்." அம்புக்குறி போட்ட பொத்தானைக் காட்டினேன். விரலைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு அழுத்தினார். ஒரு அழுத்துக்கு ஒரு துளி நேரம் கூடும், புள்ளி ஒரு எட்டு நகரும். உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்க நிக்கும்போது காத்து நல்லா புடிச்சி தள்ளும், இல்ல?"

"மேல இருக்குற நேரம் ஜாஸ்தியானா தள்ளுறதும் ஜாஸ்தி."

"அப்ப சீக்கிரம் கீழ எறக்கிடுங்க."

அதேதான். சாய்வைக் குறைத்தால் தண்ணீர் கிட்டத்தில் விழுவது மட்டுமில்லை, காற்றில் இருக்கும் நேரமும் குறைகிறது. நான் அதை எண்களில் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் நேராகச் சொல்லிவிட்டார். இருபதில் பார்த்தோம். வரப்புக்குக் கொஞ்சம்தான் இடம் மிச்சம் இருந்தது. பதினைந்தில் பார்த்தோம். வரப்போரக் கரும்பு நாலைந்து பார் வரிசை காய்ந்துவிடும் என்று வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பதினெட்டில் காற்றோடு சேர்ந்து இருபத்தாறு மீட்டரில் விழுந்தது. மீதி நாலு மீட்டர், காற்று திடீரென்று பலமாக அடித்தால் அதற்கு.

"பதினெட்டே வெச்சிடலாம்" என்றார் வீட்டுக்காரர். அந்த அக்காவைப் பார்த்து, "இன்னாக்கா, சரிதான?" என்று கேட்டார். முதல் தடவையாக அவரை அக்கா என்று கூப்பிட்டது எனக்குக் காதில் விழுந்தது.

மறுநாள் நான் பள்ளியில் இருந்தேன். மூன்றரை மணிக்குக் கடைசிப் பாடவேளை போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாமை வயலுக்கு அப்பால் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. இந்தக் காற்று இன்னும் கொஞ்ச நேரத்தில் கீழே போய்ச் சேரும் என்று நினைத்தேன். செல்போனைப் பார்க்கக் கூடாது என்று இருந்தும், மணி அடித்ததும் முதல் வேலையாக அதைத்தான் எடுத்தேன். வீட்டுக்காரர் ஒரு படம் அனுப்பியிருந்தார். தண்ணீர் வரப்புக்கு இந்தப் பக்கமே தாழ்வாக விழுந்துகொண்டிருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அந்த அக்கா கல் அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீழே ஒரு வரி: "டீச்சர் பாஸ்".

வீட்டுக்கு வந்து பீரோவில் கிடந்த நகப்பூச்சு பாட்டிலைத் தேடி எடுத்தேன். யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கியது, பாதி உறைந்திருந்தது. கன்னின் வளையத்தில் பதினெட்டுக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டோம். காலைக் கரண்ட் வாரத்தில் காற்று இல்லாததால் முப்பதிலேயே வைக்கலாம், அங்கேயும் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் ஒரே நிறம்தான். அதனால் வீட்டுக்காரர் ஒரு தடவை மாற்றி வைத்துவிட்டார். அன்று வரப்போரம் காயவைத்திருந்த அவருடைய துண்டு நனைந்தது. கல் நனையவில்லை, அதற்குள் அந்த அக்கா கத்திவிட்டார்.

நான் போட்ட கணக்கு முழுசாகச் சரியென்று சொல்ல மாட்டேன். தண்ணீர் கிளம்பியபடியே கட்டியாகப் போவதில்லை. பாதி வழியில் உடைந்து துளித்துளியாகிக் களைத்து விழுகிறது. ஏறுவது நீளமாகவும் இறங்குவது செங்குத்தாகவும் இருக்கிறது. திரையில் வரும் வளைவு இரண்டு பக்கமும் அழகாகச் சமமாக இருக்கும். நான் கரும்புக்குள் நின்று திரையையும் தண்ணீரையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். எக்ஸில் இன்னும் ஒரு உறுப்பு சேர்த்தால் அந்தக் களைப்பையும் கொண்டுவரலாம் என்று ஒரு வாரம் முயன்று, ஓரளவு கிட்டத்தில் வந்தேன். யாரும் கேட்கவில்லை, தேவையும் இல்லை. அப்படி உட்கார்ந்து செய்த மாலை நேரங்கள் எனக்கு நன்றாக இருந்தன.

சித்திரை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும், மலைப்பக்கம் கறுத்தது. கோடை மழை. சூளை வைக்க அடுக்கியது போக, காயாத கல் பத்து வரிசைக்கு மேல் தரையில் கிடந்தது. முதல் இடி கேட்டதும் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழுந்தார். எங்கள் வீட்டுத் தார்ப்பாய் இரண்டை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு, நான் பின்னால் உட்காரக்கூட நேரம் கொடுக்காமல் கிளம்பினார். நான் வைக்கோல் போரிலிருந்து அள்ளிக்கொண்டு வயல் வழியாக ஓடினேன். அங்கே அந்த அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஏற்கெனவே மூடிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்து, பறக்காமல் இருக்க ஓரத்தில் உடைந்த கல்லை வைத்தோம். கடைசி வரிசைக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது.

அவர்கள் போட்டிருந்த கீற்றுக் கொட்டகைக்குள் நாலு பேரும் நெருங்கி உட்கார்ந்தோம். மழை கரும்பின் மேலும் தார்ப்பாயின் மேலும் ஒரே மாதிரி கொட்டியது. அந்த அக்கா மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார். விறகு ஈரமாகிவிட்டதால் கொட்டகை முழுக்கப் புகை.

"எவ்ளோ போச்சி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஓரத்துல ஒரு வரிசை போயிருக்கும். மிச்சம் தேறிடும்" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அவ்வளவு நாளில் அவர் எங்களிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"உங்களுக்கு நல்லதுதான் தம்பி. பத்து நாளைக்கு மோட்டாரு போட வேலை இல்ல" என்றார் அக்கா. இவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

டம்ளர் மூன்றுதான் இருந்தது. அக்கா தனக்குச் சொம்பில் ஊற்றிக்கொண்டார். டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மழை விட ஒரு மணி நேரம் ஆயிற்று. விட்டதும் நாலு பேரும் எழுந்து, ஒவ்வொரு தார்ப்பாயாக மெதுவாகத் தூக்கி, தண்ணீர் கல்லின் மேல் சிந்தாமல் பள்ளத்தில் வடியவிட்டோம்.